கோடி ஓடும் லினக்ஸ் பெட்டிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

டிவிக்குப் பக்கத்தில் ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்து, அதில் கோடி மீடியா பிளேயர் ஓட்டுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. கார்டைக் கழற்றி மாட்டுவது கால் மணி நேர வேலைதான். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அப்புறம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய கார்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 3 3100, பி450 மதர்போர்டு, என்விடியா ஜிடி 710, டெபியன் 12. இதில் இன்டெல் ஆர்க் ஏ310 போடப் போகிறோம். ஏஎம்டி கார்டு போடுகிறவர்களுக்கும் வரிசை இதேதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கார்டு உண்மையிலேயே தேவையா?

திணறுகிற படத்தைக் கோடியில் ஓடவிட்டு, கீபோர்டில் ஓ எழுத்தை அழுத்துங்கள். திரையில் வரும் தகவலில் டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கும் பகுதி) பெயரும், அதன் பக்கத்தில் எச்டபிள்யூ அல்லது எஸ்டபிள்யூ என்ற குறியும் இருக்கும். எஸ்டபிள்யூ என்றிருந்தால் பிராசசரே முழுப் பாரத்தையும் சுமக்கிறது என்று அர்த்தம். கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) எது, 8 பிட்டா 10 பிட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்கும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

எச்டபிள்யூ என்று காட்டியும் படம் விட்டுவிட்டு ஓடினால் குற்றம் வேறிடத்தில் இருக்கலாம். வைஃபையில் 4கே ஃபைலை இழுப்பது, வட்டு மெதுவாக இருப்பது, டிவியின் ரெஃப்ரெஷ் ரேட் படத்தோடு ஒத்துப்போகாதது எல்லாமே பார்ப்பதற்கு ஒரே மாதிரித்தான் தெரியும். கார்டு மாற்றினால் இவை தீராது.

பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அதையும் ஒருமுறை சோதியுங்கள். இன்டெல்லின் 7-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசி, விபி9 என்ற இரண்டு கோடெக்குகளையும் உள்ளிருக்கும் கிராபிக்ஸே டிகோட் செய்துவிடும். 11-ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1 கோடெக்கும் உண்டு. எப்போதோ மாட்டிய பழைய ஜிடி 710 காரணமாக, அதைவிடத் திறமையான உள் கிராபிக்ஸ் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் பெட்டிகள் உண்டு. அங்கே கார்டைக் கழற்றினாலே போதும், பைசா செலவில்லை. நம் ரைசன் 3 3100-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் நமக்கு அந்த வழி இல்லை.

2. கார்டைத் தேர்ந்தெடுப்பது

கேம் ஆடுகிறவர்களின் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீடியோ டிகோட் செய்வது கார்டுக்குள் இருக்கும் தனிப் பகுதி. கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்தப் பகுதிக்கு ஒரு கோடெக் தெரியாவிட்டால் தெரியாததுதான்.

ஜிடி 710-க்கு எச்இவிசி தெரியாது. கடைகளில் இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதனால்தான் பலர் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஜிடி 1030 எச்இவிசி 10 பிட், விபி9 இரண்டையும் கையாளும், ஏவி1 தெரியாது. அது பாஸ்கல் தலைமுறைக் கார்டு. அந்தத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவரே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. இன்று காசு கொடுத்து அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 சிறிய பெட்டிக்கு ஏற்றது: 53 வாட், தனிப் பவர் இணைப்பு வேண்டாம். ஆனால் அதே குடும்பத்தின் பெரிய கார்டுகளில் இருக்கும் ஏவி1 டிகோட் இதில் வெட்டப்பட்டிருக்கிறது, என்கோடரும் இல்லை. யூடியூப் 4கே அதிகம் பார்க்கிற வீட்டில் இது பெரிய குறை. ஆர்க் ஏ310-ல் எச்.264, எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 நான்கும் உண்டு, என்கோடும் செய்யும். நம் தேர்வுக்குக் காரணம் அதுதான்.

எச்டிஆர் (ஒளி, வண்ண வீச்சு அதிகமான) படம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோடி 21 வரை, லினக்ஸில் எச்டிஆர் சிக்னலை டிவிக்கு அப்படியே அனுப்ப, டெஸ்க்டாப் இல்லாமல் கோடியே திரையை நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஜிபிஎம் முறையில் ஓட்டினால்தான் முடியும். டெஸ்க்டாப்புகளின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-ல் நடக்காது. இன்டெல், ஏஎம்டி இரண்டின் திறந்த டிரைவர்களும் அந்த வழியில் போகும். என்விடியாவின் சொந்த டிரைவரோடு கோடி எக்ஸ்11-ல்தான் ஓடும். கோடிக்கென்றே உருவான லினக்ஸான லிப்ரெஎலெக் போடுகிறவர்களுக்கு, என்விடியாவுக்கென்று லெகசி என்ற தனி இமேஜ் இருப்பதும் இதனால்தான்.

ஏஎம்டி கார்டின் அட்டைப்பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தாலும் லினக்ஸின் திறந்த டிரைவரில் அதை நம்ப வேண்டாம். 2024-ல் எச்டிஎம்ஐ ஃபோரம் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது. 4கே 120 ஹெர்ட்ஸ் தேவையில்லை, 24 ஃபிரேம் சினிமாதான் என்றால் 2.0-வின் 18 ஜிபிபிஎஸ்ஸே தாராளம்.

3. கேபினெட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)

பணம் கொடுப்பதற்கு முன் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். மெலிந்த கேபினெட் என்றால் கார்டு லோ-புரொஃபைலாக இருக்க வேண்டும். அதோடு குட்டை பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பெரும்பாலும் நெட்டை பிராக்கெட் மட்டும்தான் இருக்கும். குட்டையைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். சில சின்னக் கார்டுகளில் எச்டிஎம்ஐ ஒன்றுதான், மற்றவை மினி டிஸ்பிளேபோர்ட். டிவிக்கு ஒன்று போதும்.

எக்ஸ்16 ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 பின் 150 வாட். ஏ310-ன் அளவு 75 வாட், தனி இணைப்பு இல்லாத மாடல்களே அதிகம். அதனால் நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் கவலையில்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் கார்டுக்கு முன் அதை மாற்றுங்கள்.

4. பழைய கார்டு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் எஸ்எஸ்எச். ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர் பேக்கேஜைப் போட்டு, வேறொரு லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ உள்ளே போய்ப் பாருங்கள். திரை கறுப்பாகிவிட்டால் உள்ளே நுழைய இருக்கும் ஒரே வாசல் இது. ‘போட்டாச்சு’ என்று விட்டுவிடாமல், ரீஸ்டார்ட் செய்த பிறகும் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து நெட்வொர்க் பெயர். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. லேன் போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் இஎன்பி3எஸ்0 போன்ற பெயரில் வரும் 3 என்பது பிசிஐ பஸ் எண். ஆர்க் கார்டுகளிலும் புதிய ஏஎம்டி கார்டுகளிலும் கார்டுக்குள்ளேயே பிசிஐ பிரிட்ஜ்கள் இருக்கின்றன. மாட்டியதும் சில மதர்போர்டுகளில் பஸ் எண்கள் தள்ளிப்போய், லேன் போர்ட் இஎன்பி5எஸ்0 ஆகிவிடும். பழைய பெயரை வைத்து ஐபி முகவரியை எழுதியிருந்தால் நெட்வொர்க் வராது. திரையும் இல்லை, எஸ்எஸ்எச்சும் இல்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. லேன் கார்டின் மேக் முகவரியை வைத்துப் பெயரைக் கட்டிப்போடும் லிங்க் ஃபைல் ஒன்றை சிஸ்டம்டியின் நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துவிடலாம். அல்லது எந்தப் பெயரில் வந்தாலும் ரவுட்டரிலிருந்து முகவரி வாங்கும்படி மாற்றிவிடலாம். இரண்டில் எதுவானாலும் சரி.

மூன்றாவது, என்விடியா டிரைவரை நீக்குவது. டிபிகேஜி பட்டியலில் என்விடியா என்று தேடி, வருகிற பேக்கேஜ்களை ரிமூவ் போடாமல் பர்ஜ் போட்டு எடுங்கள். ரிமூவ் செய்தால் அமைப்பு ஃபைல்கள் தங்கிவிடும். என்விடியா தளத்திலிருந்து ரன் ஃபைலாக இறக்கிப் போட்டிருந்தால் ஏபிடிக்கு அது தெரியாது. என்விடியா-அன்இன்ஸ்டால் கட்டளையால்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் மிச்சம் மீதியைத் துடைக்க வேண்டும். ஈடிசிக்குள் எக்ஸ்11 ஃபோல்டரில் எக்ஸ்ஓஆர்ஜி.கான்ஃப் இருந்தால் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அதில் டிரைவர் என்விடியா என்று எழுதியிருக்கும், புதுக் கார்டோடு எக்ஸ்11 கிளம்பாது. மோட்புரோப்.டி ஃபோல்டரில், என்விடியா கார்டுகளுக்கான திறந்த டிரைவரான நூவோவை முடக்கும் ஃபைலை எடுங்கள். க்ரப் (லினக்ஸைக் கிளப்பும் பூட் மெனு) அமைப்பில் யாரோ சொன்னார்கள் என்று எப்போதோ போட்ட நோமோட்செட் இருந்தால் அதையும் எடுங்கள். அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் எழும்பாது. என்விரான்மென்ட் ஃபைலில் லிப்விஏ (டிகோட் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் நூலகம்) டிரைவர் பெயரை நிர்ணயிக்கும் வரி இருந்தால் அதையும் அழியுங்கள். படம் தெரியும், டிகோட் மட்டும் நடக்காது என்ற வினோதத்துக்குப் பெரும்பாலும் அந்த ஒற்றை வரிதான் காரணம். முடித்ததும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட்-க்ரப் இரண்டையும் ஓட்டுங்கள். பூட் நேரத்தில் படிக்கப்படுவது, கெர்னல் முதலில் ஏற்றும் சிறு ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் நகல். அதைப் புதுப்பிக்காவிட்டால் நீங்கள் அழித்த முடக்கம் அங்கே உயிரோடு இருக்கும்.

இப்போது பழைய கார்டோடேயே ரீஸ்டார்ட். நூவோ டிரைவரில் ஜிடி 710 சாதாரணமாகத் திரை காட்டும். காட்டினால் சிஸ்டம் சுத்தம். காட்டாவிட்டால் கோளாறு மென்பொருளில்தான் என்று கார்டைத் தொடும் முன்பே தெரிந்துவிடுகிறது. கூடுதலாக ஒரு ரீஸ்டார்ட்தான், ஆனால் இதற்குப் பின் எது கெட்டாலும் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

நான்காவது, டெபியன் 13-க்கு மாறுவது. ஆர்க் கார்டுகளுக்கான ஆதரவு கெர்னல் 6.2-லிருந்துதான் தானாக இயங்கும். டெபியன் 12-ல் இருப்பது 6.1, டெபியன் 13-ல் 6.12. என்விடியாவை நீக்கிய பிறகே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜிடி 710-க்கான 470 வரிசை டிரைவர் மாட்யூலை ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் புதிதாகக் கட்டும். புது கெர்னலில் அது கட்ட முடியாமல் பிழை கொடுத்தால் ஏபிடி பாதியில் நின்றுவிடும். பாதியில் நிற்கும் அப்கிரேடை இழுத்துக் கரைசேர்ப்பது தனிப் பாடு. ஆர்எக்ஸ் 6400-க்கு டெபியன் 12-ன் கெர்னலே போதும்.

ஐந்தாவது, புதுக் கார்டுக்கு வேண்டியதை முன்கூட்டியே போட்டுவைப்பது: ஃபர்ம்வேர்-இன்டெல்-கிராபிக்ஸ், இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்-நான்-ஃப்ரீ, விஏஇன்ஃபோ. இதற்கு ஏபிடி மூலங்களில் நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் இரண்டும் இருக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸும் மெசா-விஏ-டிரைவர்ஸும். ஃபெடோரா வைத்திருப்பவர்கள் ஏஎம்டி கார்டு போட்டால் ஆர்பிஎம் ஃபியூஷனிலிருந்து ஃப்ரீவேர்ல்டு என்று முடியும் மெசா பேக்கேஜை எடுக்க வேண்டும். 37-ஆம் பதிப்பிலிருந்து எச்.264, எச்இவிசி டிகோடை ஃபெடோரா தன் மெசாவில் தருவதில்லை.

கடைசியாக பயாஸ். அப்டேட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், ஏனென்றால் அப்டேட் பழைய அமைப்புகளை அழித்துவிடும். அப்புறம் அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் ஆன் செய்து, பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்மை ஆஃப் செய்யுங்கள். சிஎஸ்எம்மைத் தொடும் முன் சிஸ் ஃபோல்டரில் ஃபர்ம்வேருக்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் லினக்ஸ் பழைய முறையில் நிறுவப்பட்டது. சிஎஸ்எம் ஆஃப் ஆனதும் வட்டிலிருந்து பூட் ஆகாது. அதைச் சரிக்கட்ட மெனக்கெடுவதைவிட, ஹோம் ஃபோல்டரை நகலெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சுலபம். சில பழைய ஜிடி 710 கார்டுகள் சிஎஸ்எம் இல்லாமல் திரை காட்டாது. இந்த இடத்தில் திரை போனால் பதறாதீர்கள். மாட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

5. மாட்டுவது

எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொடுங்கள்.

ஸ்லாட்டின் உள்முனையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். பிராக்கெட் திருகைக் கழற்றிவிட்டு, தாழ்ப்பாளை அமுக்கிக்கொண்டேதான் பழைய கார்டை மேலே இழுக்க வேண்டும். சின்ன கேபினெட்டில் அங்கே விரல் போகாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வழுக்கிப்போய் போர்டைக் கீறிவிடும். மர ஸ்கேலின் முனை போதும். புதுக் கார்டை பிராசசருக்கு அருகில் இருக்கும் நீள ஸ்லாட்டில் வைத்து, இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். தாழ்ப்பாள் ‘டக்’கென்று தானே ஏறும். பொன்னிறப் பட்டைகள் ஒருபக்கம் மட்டும் வெளியே தெரிந்தால் கார்டு சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் திருகை இறுக்கிவிட்டுப் பிறகு அழுத்துவதால்தான் இது நடக்கிறது.

எச்டிஎம்ஐ கேபிள் கார்டில்தான் போக வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் ‘கார்டு டெட்’ என்று என்னிடம் வந்த பெட்டிகளில் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிள் செருகியிருந்தவை உண்டு. நம் ரைசன் 3 3100-ல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் மதர்போர்டில் இருக்கும் அந்த போர்ட் வெறும் அலங்காரம். முதல் பூட்டுக்கு ஏவி ரிசீவரைத் தவிர்த்து நேராக டிவியில் செருகுங்கள். டிவியை முதலில் ஆன் செய்துவிட்டு அப்புறம் பெட்டியை ஆன் செய்யுங்கள்.

6. முதல் பூட்

பயாஸ் லோகோவே வரவில்லை என்றால் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்டு சரியாக உட்கார்ந்ததா, கேபிள், டிவியின் இன்புட், பயாஸ் அமைப்பு என்று அந்த வட்டத்துக்குள் தேடுங்கள்.

லோகோ வந்து, அதன் பின் கறுப்பானால் எஸ்எஸ்எச்சில் உள்ளே போங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே விருப்பத்தோடு ஓட்டினால், கார்டுக்குக் கீழே எந்தக் கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று வரும். ஏ310-க்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு. அந்த வரியே இல்லாவிட்டால் கெர்னல் பழையது அல்லது நோமோட்செட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரி இருந்தும் படம் இல்லையென்றால் டிமெசேஜில் (dmesg, கெர்னலின் பதிவு) ஃபர்ம்வேர் என்று தேடுங்கள். ஜியுசி, எச்யுசி என்ற ஃபர்ம்வேர் ஃபைல்கள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் இருந்தால் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

எஸ்எஸ்எச்சும் கிடைக்காதபோது க்ரப் மெனுவில் இ அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து பூட் செய்யலாம். அது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு ‘4கே வரவில்லை’ என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

திரை வந்துவிட்டது, சரி. அடுத்து, கார்டுக்கு எந்தெந்த டிகோட் தெரியும் என்று பட்டியலிடும் விஏஇன்ஃபோ. ஐஎச்டி டிரைவர் என்று மேலே காட்ட வேண்டும். பட்டியலில் எச்இவிசிமெயின்10, ஏவி1 புரொஃபைல்களுக்கு எதிரே விஎல்டி என்றிருக்க வேண்டும். விஎல்டி இருந்தால் டிகோட் உண்டு. சூடோவோடு ஓட்டும்போது பட்டியல் வருகிறது, சாதாரணமாக ஓட்டினால் வரவில்லை என்றால், கோடி ஓடும் பயனரை வீடியோ, ரெண்டர் ஆகிய இரண்டு குழுக்களிலும் சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

7. கோடிக்குள் மாற்ற வேண்டியவை

கோடி பழைய கார்டை மறக்காது. ஆடியோ சாதனம் முதற்கொண்டு எல்லாம் பழைய அமைப்பிலேயே இருக்கும். எச்டிஎம்ஐ ஒலி கார்டு வழியாகத்தான் போகிறது. பழைய என்விடியா ஒலிச் சாதனம் இப்போது இல்லை, அதனால் படம் ஊமையாக ஓடும். சிஸ்டம் அமைப்பில் ஆடியோவுக்குப் போய், புதுக் கார்டின் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி ஒலியை ரிசீவருக்கு அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் பைப்வயர், பல்ஸ் வழியை விட்டுவிட்டு அல்சா சாதனத்தை நேரடியாக எடுங்கள். நடுவில் ஒலியைக் கலக்கும் சர்வர் இருந்தால் அந்த வகை ஒலிகள் பெரும்பாலும் போய்ச்சேராது.

அமைப்பு நிலையை எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றினால்தான் பிளேயர் பகுதியில் விஏ-ஏபிஐ (கார்டிலேயே டிகோட் செய்யும் வழி) விருப்பங்கள் கண்ணில் படும். ஆன் செய்யுங்கள். டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்டை படத்துக்கேற்ப மாற்றும் விருப்பத்தையும் போடுங்கள். 23.976 ஃபிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தடுக்கித் தடுக்கி நகரும். கார்டு மோசம் என்று பழி விழும்.

எச்டிஆர் வேண்டுமானால் டெஸ்க்டாப்பை நிறுத்திவிட்டு, கோடியை ஜிபிஎம் விண்டோயிங்கோடு தனியாகக் கிளப்புங்கள். திரையை எக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஜிபிஎம்முக்குத் திரை கிடைக்காது. டிவியிலும் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான விரிவு வண்ண அமைப்பை ஆன் செய்ய வேண்டும். பல டிவிகளில் இது போர்ட் வாரியாக, ஆஃப் நிலையில்தான் வரும்.

8. மூடுவதற்கு முன் சோதனை

முதலில் திணறிய அதே ஃபைலை ஓட்டி, ஓ எழுத்தை அழுத்தி எச்டபிள்யூ வந்துவிட்டதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச்சில் இன்டெல்_ஜிபியு_டாப் ஓடவிட்டால் வீடியோ என்ற வரியில் அசைவு தெரிய வேண்டும். ஏஎம்டி என்றால் என்விடாப். பெயரில் ‘என்வி’ இருந்தாலும் அது மூன்று நிறுவனக் கார்டுகளையும் காட்டும்.

ஒரு முழுப் படத்தை, கேபினெட் மூடியைப் போட்டு, டிவி அலமாரிக்குள் வழக்கமான இடத்திலேயே வைத்து ஓட்டுங்கள். சின்னக் கார்டுகளின் சின்ன விசிறிகள் வெக்கையான அலமாரியில் இரையத் தொடங்குவது ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியும். விசிறியே இல்லாத கார்டு என்றால் கேபினெட் விசிறி ஒன்று அவசியம்.

கடைசியாக, டிவியை அணைத்த நிலையில் பெட்டியை ஆன் செய்து, பிறகு டிவியைப் போட்டுப் பாருங்கள். டிவி அணைந்திருந்தால் அதன் இடிஐடி தகவல் (EDID, எந்தெந்தத் திரை அளவுகளைக் காட்ட முடியும் என்று டிவி சொல்லும் குறிப்பு) கார்டுக்குக் கிடைக்காமல், திரை 1024க்கு 768-ல் நின்றுவிடலாம், அல்லது எதுவுமே வராமல் போகலாம். வீட்டில் மற்றவர்கள் எந்த வரிசையில் ஆன் செய்வார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. டிவி ஓடும்போது சிஸ் ஃபோல்டரின் டிஆர்எம் பகுதியில் இருக்கும் இடிஐடி ஃபைலை நகலெடுத்து லிப் ஃபர்ம்வேருக்குள் போட்டு, க்ரப்பில் டிஆர்எம்.இடிஐடி_ஃபர்ம்வேர் வரியில் போர்ட் பெயரோடு அதைக் குறிப்பிடுங்கள். கூடவே, அந்த போர்ட்டில் டிவி எப்போதும் இணைந்திருப்பதாகக் கொள்ளச் சொல்லும் வீடியோ= வரியையும் சேர்த்துவிட்டு, இடிஐடி ஃபைல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு டிரைவர் அங்கிருந்தே எழும்பினால் வட்டில் இருக்கும் ஃபைல் அதன் கண்ணுக்குத் தெரியாது.